‘சுட மறுத்தவர்களையும் சுட்டார்கள்’ என்பது உண்மையா?

பரவும் செய்தி: நாஜி ஜெர்மனியில் யூதர்களைச் சுட மறுத்தவருக்கு மரணம் நிச்சயம், ஆகவே சுட்டவர்களுக்கு வேறு வழியே இல்லை.

தவறு. போருக்குப் பிந்தைய வழக்குகளில், ஆயுதமற்ற மக்களைக் கொல்ல மறுத்ததற்காக மரண தண்டனை பெற்ற ஒருவரைக்கூட குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்களால் காட்ட முடியவில்லை. படையிலிருந்து தப்பி ஓடியவர்களுக்கு அந்தத் தண்டனை இருந்தது. இரண்டையும் குழப்புவதால்தான் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது.

1942 ஜூலை 13, போலந்தின் யூசெஃபூவ் ஊர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனில் ஏறத்தாழ 500 பேர், பெரும்பாலும் நடுவயதினர். காலையில் தளபதி வில்ஹெல்ம் டிராப், ஊரின் யூதர்களைச் சுடும் இந்த வேலை தங்களால் ஆகாது என்று நினைக்கும் வயதில் மூத்தவர்கள் விலகலாம் என்றார். உடனே முன்வந்தவர்கள் சுமார் 12 பேர். சுடத் தொடங்கியபின் இன்னும் சிலர் கழன்றுகொண்டனர். அவர்களுக்கு வேறு பணி தரப்பட்டது, அவ்வளவுதான். அன்று கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,500 பேர்.

மற்றவர்களைப் பிடித்து வைத்தது எது? முடிவெடுக்கக் கிடைத்தது சில நொடிகள். சகாக்கள் முன் கோழையாகத் தெரிவோமோ என்ற கூச்சம். தான் விலகினால் அந்த வேலை அடுத்தவன் தலையில் விழும் என்ற எண்ணம். பல ஆண்டு யூத வெறுப்புப் பிரசாரத்தையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு வேலை பிரிக்கப்பட்டது: ஒருவர் சுற்றிவளைப்பார், இன்னொருவர் ரயிலில் ஏற்றுவார், பல இடங்களில் சுடுவது பட்டாலியனைச் சேராத துணைப்படையினர். மதுவும் வந்தது. ரயிலில் ஏற்றியவர், ‘நான் யாரையும் கொல்லவில்லை’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்தப் பட்டாலியன் டிரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்கு அனுப்ப உதவியது சுமார் 45,000 பேரை.