ஆனையிறவுக் காற்றும் 200 சிசியும்
மோட்டார் சைக்கிளில் முந்திச் செல்லும்போது கூடுதல் வலு கைவசம் இருந்தால் பாதுகாப்பு, அதனால் 100 சிசி எஞ்சின் பைக் வைத்திருப்பவர்கள் நேரே 200 சிசிக்கு மாறுவது நல்லது என்று இணையத்தில் நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதிக்கு அது ஓரளவு சரி. கிளிநொச்சி தாண்டி ஒரு நெல் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரே சொகுசு பஸ் விளக்கடித்துக்கொண்டு வரும்போது 100 சிசியை எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் கூடும். கடல்நீரேரிக்கு நடுவே வெட்டவெளியாகக் கிடக்கும் ஆனையிறவில் பக்கக் காற்று அடிக்கையில் பெரிய பைக் ஆட்டமில்லாமல் போகும். ஆனால் அது பாரத்தால் வருவது, குதிரைவலுவால் அல்ல. மற்றப்படி எங்கள் ஓட்டம் எங்கே? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை, கோண்டாவில் ஒழுங்கை. மதில் மூலையில் திடீரென்று நாய் வரும், ரியூசன் விட்ட பிள்ளைகள் சைக்கிளில் நாலு பேர் பக்கம் பக்கமாக வருவார்கள். அங்கே காப்பாற்றுவது பிரேக்கும் ரயரும்தான். என்னுடைய பழைய 150க்கு முன் டிஸ்க் பிரேக் பாட்டையும் தேய்ந்த பின் ரயரையும் மாற்றிய பிறகு புது பைக் ஆசையே பாதி அடங்கிவிட்டது. அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் லீசிங்கில் (தவணைக் கடனில்) 200 சிசி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். தம்பி, தினமும் வவுனியாவுக்கு ஓடுகிறீர்கள் என்றால் எடுங்கள். இல்லையென்றால் 2022ஐ ஒருக்கா நினைத்துப் பாருங்கள்: எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டித்தான் எண்ணெய் அடித்தோம், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல், அந்த நேரம் 100 சிசிக்காரர்தான் ராசா. எடுக்கிறதாக இருந்தாலும் காசு கட்டமுதல் அம்மாவைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். சில 200களில் பின் இருக்கை இருக்கும் உயரத்துக்கு சேலையோடு ஏறுவது பெரும்பாடு.