நம்பர் மேல எனக்கு கோபம் இல்ல, அந்த நீலக் கட்டத்து மேலதான்

நேத்து ராத்திரி புதுசா ஒரு இசேகாய் மங்கா (நம்ம உலகத்து ஆளு வேற மந்திர உலகத்துக்குப் போற ஜப்பான் காமிக்ஸ்) எடுத்தேன், மூணாவது சாப்டர்லயே மூடி வச்சிட்டேன். ஹீரோ ஒரு ஓநாயக் கொல்றான், உடனே கேம்ல வர்ற மாதிரி ஒரு நீலக் கட்டம் வருது, ஸ்ட்ரெங்த் இவ்ளோ, அஜிலிட்டி இவ்ளோ, புது ஸ்கில் ரெண்டு. ரெண்டு பக்கம் தள்ளினா இன்னொரு ஓநாய், இன்னொரு கட்டம். வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒரு உயிரக் கொன்னிருக்கான், அவன் கை நடுங்குச்சா, மூஞ்சி எப்படி இருந்துச்சு, ஒண்ணுமே வரையல. மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

தம்பிகிட்ட சொன்னா "உனக்கு கேம் பிடிக்காது, அதான்"ங்கிறான். அப்படி இல்லடா, நான் வளந்ததே டிராகன் பால் பாத்துத்தான், அதுல இல்லாத நம்பரா? வேத்து கிரகத்து ராடிட்ஸ் பூமில இறங்கினதும் ஒரு விவசாயிய ஸ்கௌட்டர்ல (ஆளோட பலத்த எண்ணா காட்டுற மிஷின்) பாத்துட்டு வெறும் 5னு சொல்வான், அவன் நம்ம எல்லாரையும் எப்படிப் பாக்குறான்னு அந்த ஒரு பேனல்லயே புரிஞ்சிடும். கொஞ்ச நேரத்துல, அழுதுட்டிருக்குற ஹீரோவோட குட்டிப் பையன் கோஹான்கிட்ட 710 காட்டும், மிஷின் ரிப்பேர் போலன்னு ராடிட்ஸ் நினைப்பான், அப்பா அடிபடுறதப் பொறுக்க முடியாம அந்தப் பையன் தன்ன அடைச்சு வச்ச விண்கலத்த உடைச்சிட்டு வெளிய வரும்போது 1307. அந்த 1307 ஒரு குழந்தையோட கோபம். அப்புறம் பூமிக்காரங்க கீய (உடம்புக்குள்ள இருக்குற சக்தி) அடக்கி வைக்கக் கத்துக்கிட்டாங்க, ஸ்கௌட்டர நம்பினவன் எல்லாம் ஏமாந்தான். வில்லன் ஃப்ரீசா தன் பலம் 530000னு தன் வாயாலயே மரியாதையா சொல்வானே, அது கூட ஒரு மிரட்டல்தான், அவன் குணம் அதுல தெரியும். ஆனா அவன் உருவம் மாறினதும் அடுத்த உருவத்துக்கே 10 லட்சத்துக்கு மேலன்னு ஏற ஆரம்பிச்சதும் எண்ணுக்கு மதிப்பே போயிடுச்சு, அத வரைஞ்ச தொரியாமாவும் அதுக்கப்புறம் அத கிட்டத்தட்ட விட்டுட்டாரு, பின்னாடி வந்த ஆண்ட்ராய்டுங்களுக்கு (செயற்கை மனுஷங்க) கீயே கிடையாதுன்னு வச்சாரு.

எனக்குத் தோணுறது இதான்: கதைக்குள்ள இருக்குற ஒருத்தர் போடுற கணக்கா இருந்தா அந்த நம்பர் தப்பாகலாம், பொய் சொல்லலாம், யாரையாவது அவமானப்படுத்தலாம், அப்ப அதுக்கு உயிர் இருக்கு. எழுதுறவரே வந்து "இவன் பலம் இவ்ளோதான்"னு ரசீது போட்டுக் குடுத்துட்டா அதோட சண்டை முடிஞ்சிடுது, மிச்சப் பக்கத்த எதுக்குப் படிக்கணும்?

கடற்கொள்ளைக்காரங்க கதையான ஒன் பீஸ்ல வர்ற பவுண்ட்டிய (ஆளப் பிடிச்சுக் குடுத்தா அரசாங்கம் தர்ற பரிசுத் தொகை) பாருங்க. ராபினுக்கு 8 வயசுல 7 கோடியே 90 லட்சம் பெர்ரி (அந்த உலகத்துப் பணம்). அந்தப் புள்ள யாரையாவது அடிச்சுதா? படிக்கக் கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்ட எழுத்தப் படிக்கத் தெரியும், அவ்ளோதான் குத்தம். கப்பல் டாக்டரான கலைமான் சாப்பருக்கு முதல்ல போட்டது 50 பெர்ரி, அவன கப்பலோட செல்லப் பிராணின்னு நினைச்சிட்டாங்க. அந்த எண்ணுல தெரியுறது அரசாங்கத்தோட பயமும் அதோட அறியாமையும்.

இந்தக் கட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியும். விசார்ட்ரி 1981, டிராகன் குவெஸ்ட் 1986, அந்த கேமெல்லாம் ஆடி வளந்தவங்க 2004ல வந்த ஷோசெட்சுகா நி நாரோ மாதிரி சைட்ல வெப் நாவல் எழுதினாங்க. எழுத்துல அந்தக் கட்டத்தப் போடுறது ஒண்ணும் பெரிய செலவு இல்ல, பிடிக்காதவங்க தாண்டிப் போயிடலாம். அந்த நாவல மங்காவா வரையும்போது அப்படி இல்லையே. வாரப் பத்திரிகைல ஒரு சாப்டருக்கு சுமாரா 20 பக்கம்தான், அதுல அரைப் பக்கத்த கட்டம் தின்னுட்டா அங்க ஒரு முகம் காணாம போகுது.

சோலோ லெவலிங் இருக்கேன்னு என்ன மறுத்துச் சொல்வீங்க, தெரியும். அது கொரியன் மன்ஹ்வா (கொரியா காமிக்ஸ்), ஆனாலும் நியாயமான கேள்விதான். ஆரம்பம் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஹீரோ ஜின்வூ தினமும் 100 புஷ்-அப், 100 சிட்-அப், 100 ஸ்குவாட், 10 கிலோமீட்டர் ஓட்டம், செய்யலன்னா பாலைவனத்துல பூரான் துரத்தும். அங்க ஒவ்வொரு பாயின்ட்டும் வேர்வை. மத்த ஹன்ட்டர்ஸ் (மான்ஸ்டர வேட்டையாடுறவங்க) சக்தி வந்த அன்னைக்கு என்ன ரேங்க்கோ அதுலயே நிக்கணும், கடைசி ரேங்க்கான ஈ ரேங்க் ஜின்வூ ஒருத்தன் மட்டும் ஏறுறான், அதுல ஒரு ஏக்கம் இருக்கு. பின்னாடி போகப் போக அந்த வேர்வை காஞ்சிடுது, கட்டம் வந்தாலே நான் ஸ்க்ரோல் பண்ணிட்டுத்தான் போனேன்.

ரியோகோ குயியோட டஞ்சன் மெஷி மங்காவுலயும் அதே டஞ்சன் (மான்ஸ்டர் நிறைஞ்ச பாதாளம்), அதே மந்திரவாதி, அதே டிராகன்தான், ஆனா கட்டமே கிடையாது. முதல் சாப்டர்லயே லையோஸ் கூட்டம் செவப்பு டிராகன்கிட்ட தோத்துப் போறாங்க, லெவல் பத்தாம இல்ல, எல்லாரும் பசில இருந்தாங்க. தங்கச்சி ஃபாலின டிராகன் முழுங்கிடுது, முழுங்குறதுக்குள்ள அவ மந்திரம் போட்டு மத்தவங்கள வெளிய அனுப்பிடுறா. காசு இல்ல, சாப்பாடு இல்ல, தங்கச்சி செரிமானம் ஆகுறதுக்குள்ள திரும்பிப் போகணும், வழில கிடைக்குற மான்ஸ்டரச் சமைச்சுத் திங்கலாம்னு கிளம்புறாங்க. எவ்ளோ தெம்பு மிச்சம் இருக்குன்னு அவங்க தட்டப் பாத்தாலே தெரியும். 2014ல ஆரம்பிச்சு 2023ல முடிஞ்சது, மொத்தம் 14 வால்யூம், முதல் வால்யூம தம்பி மேசைல வச்சிட்டு வந்திருக்கேன்.