மண்டபம் ஊருக்கு வேலை கேட்டு வருகிற டாக்டருக்கு

மருத்துவர் வேலை நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்று ஒரு கட்டுரை படித்தேன்; உடை, கைகுலுக்கல், தன்னறிமுகம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. இருக்கட்டும். ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் வருகிறவரிடம் நாங்கள் கேட்பது வேறு. நேர்காணல் நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். வலையை உதறும்போது கடல் பாம்பு கடித்ததாக மீனவர் ஒருவர் வருகிறார், கடிவாயில் வலியே இல்லை, என்ன செய்வீர்கள்? பலர் பட்டென்று விஷமுறிவு மருந்து என்பார்கள். நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு உரியது. கடல் பாம்புக்கு உதவாது. தசை வலி, சிறுநீரின் நிறம், மூச்சு, இரத்தத்தில் பொட்டாசியம் இவற்றைக் கவனிப்பேன் என்று வரிசையாகச் சொல்பவரைத்தான் நிமிர்ந்து பார்ப்போம். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன் என்பதும் தவறில்லை, வழியில் மூச்சு திணறினால் என்ன செய்வேன் என்றும் சேர்த்துச் சொன்னால்.

மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்றிதழின் அசலை மறக்காதீர்கள். சம்பளம், இரவுப் பணி, தங்குமிடம் பற்றிக் கூச்சப்படாமல் நீங்களே கேளுங்கள். கேட்காமல் சேர்ந்தவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்புவதில்லை. நாங்கள் மறுபடியும் விளம்பரம் கொடுக்கிறோம்.