சில்வர் கார்னா விபத்து பாதியா குறையுமா?

மேல ஒருத்தர் "சில்வர் கார் வாங்குனா ஆக்சிடென்ட் 50% கம்மி, ஆராய்ச்சியிலயே நிரூபிச்சாச்சு"ன்னு போட்ருக்காரு, அதுக்கு இத்தனை லைக் வேற. அந்த ஆராய்ச்சி நிஜம்தான், நியூசிலாந்து ஆக்லாந்துல பண்ணது, 2003 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. ஆனா அவங்க எடுத்தது எல்லா ஆக்சிடென்ட்டையும் இல்ல, காருக்குள்ள இருந்தவங்க ஆஸ்பத்திரியில சேர்ற அளவுக்கு அடிபட்ட, இல்லன்னா செத்துப்போன கேஸ மட்டும்தான், அதுவும் விபத்துல சிக்காத டிரைவருங்களயும் சேர்த்து மொத்தமே ஆயிரத்து சொச்சம் பேரு.

அப்புறம் 2007ல ஆஸ்திரேலியாவுல மோனாஷ் யூனிவர்சிட்டிக்காரங்க விக்டோரியா, வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா ரெண்டு மாநிலத்துலயும் போலீஸ்ல பதிவான லட்சக்கணக்கான விபத்த அலசுனாங்க, பகல்ல வெள்ளைய விட கருப்புக்கு சுமாரா 12%, கிரேக்கு 11%, நீங்க சொல்ற சில்வருக்கு 10% ரிஸ்க் ஜாஸ்தின்னு வந்துச்சு. அப்படியே தலைகீழ்! மழை மூட்டத்துல, நரைச்ச தார் ரோட்டுல சில்வர் எப்படி கலந்துபோகுதுன்னு ஹைவேல ஓட்டுற எவனும் சொல்வான்.

கீழ இன்னொருத்தர் "சிவப்புதான் தூரத்துலயே தெரியும்"னு சொல்றாரு, பகல்ல சரி, ஆனா பொழுது சாயுற நேரத்துல நம்ம கண்ணுக்கு சிவப்பு கருத்துப்போய்தான் தெரியும், அதனாலதான் அமெரிக்காவுல சில ஊர்ல தீயணைப்பு வண்டிக்கே எலுமிச்சை மஞ்சள் அடிச்சாங்க. நல்லா இருட்டிட்டா கலரோட வேலை ரொம்பவே குறைஞ்சிடுது, டெயில் லேம்ப் எரியாத வெள்ளை கார விட லைட்டெல்லாம் ஒழுங்கா எரியுற கருப்பு கார் எவ்வளவோ மேல்.