அரச பெங்குவினுக்குப் பனி வீடு கிடையாது
அரச பெங்குவின் என்பது பேரரசப் பெங்குவினுக்கு நெருங்கிய, அதைவிடச் சிறிய இனம், இரண்டுமே அண்டார்க்டிகா பனியில்தான் குஞ்சு பொரிக்கின்றன என்று பெங்குவின் பற்றிய ஒரு கட்டுரையில் வருகிறதே, அதில் பின்பாதி தவறு. அரச பெங்குவின் முட்டையிடுவது அண்டார்க்டிகாவுக்கு வடக்கே உள்ள தெற்கு ஜார்ஜியா, குரோசே, கெர்கலென் போன்ற தீவுகளில், பனிக்கட்டி இல்லாத வெறும் தரையில். உறைந்த கடல்மேல், அதுவும் கடுங்குளிர்காலத்தில் குடும்பம் நடத்துவது பேரரசப் பெங்குவின்தான். அங்கே முட்டையைக் காலில் ஏந்தி ஏறத்தாழ 65 நாள் அடைகாப்பது ஆண் மட்டுமே, பட்டினியோடு. அரச பெங்குவினில் தாயும் தகப்பனும் முறைவைத்து மாறிக்கொள்ளும். ஆனால் முட்டையிட்டுக் குஞ்சை வளர்த்து முடிக்க ஓராண்டுக்கும் மேல் ஆவதால், மூன்றாண்டுக்கு இரண்டு குஞ்சு கிடைத்தாலே பெரிய விஷயம். அப்புறம், அந்தக் கட்டுரையின் படத்தில் இருக்கும் பழுப்புப் பறவை வேறு இனமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது அரச பெங்குவினின் குஞ்சுதான். கம்பளி போர்த்தியதுபோல இருக்கும் அதைப் பார்த்துப் பழைய மாலுமிகளே தனி இனம் என்று ஏமாந்திருக்கிறார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேரரசப் பெங்குவினின் குஞ்சு என்றால் சாம்பல் உடம்பும் வெள்ளை முகமுமாக இருந்திருக்கும்.