கொலு பொம்மையோடு ஒரு டின்னையும் பரணில் ஏற்றுங்கள்

சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். கொலு முடிந்து பொம்மைகளைத் திரும்பப் பரணில் ஏற்றுவீர்கள் இல்லையா, அப்போது கூடவே ஒரு சாப்பாட்டு டின்னையும் ஏற்றிவிடுங்கள். மழைக்கு முன்னால் செய்யும் வேலைகளில் இதைவிட உருப்படியானது கிடையாது என்பது என் கட்சி.

"மாச மளிகைதான் மொத்தமா வாங்கி வச்சிருக்கோமே" என்பீர்கள். சரி, எங்கே வைத்திருக்கிறீர்கள்? அடுப்பு மேடைக்குக் கீழே, இழுத்தால் வரும் தட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சரி, தரைத்தள வீடுகளில் தண்ணீர் முதலில் புகுந்தது அங்கேதான். சாக்கடை கலந்த தண்ணீர் பட்ட அரிசியைக் கழுவிக்கூடச் சமைக்க முடியாது, மூட்டையோடு குப்பைக்குத்தான் போகும். மேலே பரணிலோ சக்கரம் போன சூட்கேஸும் டிவி வந்த அட்டைப்பெட்டியும் ஒரு சொட்டு ஈரம் படாமல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்!

என்ன வைப்பது என்பதிலும் நாம் கோட்டை விடுகிறோம். மிக்ஜாமின்போது பல ஏரியாக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் இண்டக்‌ஷன் அடுப்பு இல்லை, மிக்ஸி இல்லை, ஆர்.ஓ. தண்ணீர் இல்லை, ஃப்ரிட்ஜில் இருக்கும் தோசை மாவு புளித்துப் பொங்கிவிடும், பத்து நிமிட டெலிவரி ஆப்பைத் திறக்கக்கூட டவர் கிடைக்காது. நூடுல்ஸ் பாக்கெட்டாக அடுக்கி "மழைக்கு ரெடி" என்று போட்டோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். வேகவைக்க அடுப்புக்கும் நல்ல தண்ணீருக்கும் எங்கே போவார்கள்?

அடுப்பே வேண்டாத சாப்பாடாக இருக்க வேண்டும். கெட்டி அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க், பால் பவுடர், ஒரு சின்ன பாட்டில் ஊறுகாய். அவலைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்தால் கால் மணி நேரத்தில் மெத்தென்று ஆகிவிடும், வெல்லத்தைத் தட்டிப் போட்டால் குழந்தைகளும் சாப்பிடும், பெரியவர்களுக்கு ஊறுகாய் போதும். தண்ணீர் கேன் தனியாக, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று கணக்குப் போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் மூடி இறுக்கமாக இருக்கும் எவர்சில்வர் அல்லது தகர டின்னில்தான் போட வேண்டும். வெள்ளம் வந்தால் எலியும் மேலேதான் ஏறும், பிளாஸ்டிக் டப்பாவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம், ஒளித்து வைப்பது. யாரிடமிருந்து? நம் வீட்டு ஆட்களிடமிருந்துதான். தீபாவளி பட்சணம் தீர்ந்த மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு "ஏதாவது கொறிக்க இருக்கா" என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிற ஜென்மம் எல்லா வீட்டிலும் உண்டு. கடலை மிட்டாய் இருக்கிறது என்று தெரிந்தால் கார்த்திகை வரை தாங்காது. எங்கள் வீட்டு டின்னில் 'பழைய ஸ்வெட்டர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். சென்னையில் அதை யாரும் தேட மாட்டார்கள். ஆனால் வீட்டில் இன்னொருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும், நாம் ஊரில் இல்லாதபோதுதான் மழை வரும்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் சுவருக்குள் உணவை ஒளிக்கச் சொல்லித் தருகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது, சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் வீட்டில் இருந்த அரிசி பருப்பைத் திரட்டிச் சமைத்துப் போட்டார்கள், அவர்கள் ஊரும் அதே மழையில்தான் கிடந்தது. அவர்கள் வீட்டில் அரிசி இருந்தது, எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் தரைத்தளத்தில் இருப்பவர்கள் கூச்சப்படாமல் மாடி வீட்டு அக்காவிடம் கேளுங்கள், "எங்க டின் ஒண்ணு உங்க பரணில் இருக்கட்டுமா" என்று. மாடியில் இருப்பவர்கள் நீங்களே கூப்பிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. டின்னில் பெயர் எழுத மறக்காதீர்கள். தை பிறந்ததும் இறக்கி, வெல்லத்தைச் சர்க்கரைப் பொங்கலுக்கும் அவலை உப்புமாவுக்கும் எடுத்துவிடுங்கள், விட்டால் வண்டு வைத்துவிடும். பெயர் எழுதாவிட்டால் யார் வெல்லம் யாருடையது என்று பொங்கலன்று பஞ்சாயத்து நடக்கும்.