இடிக்க முதல் ஒருக்கா அளவெடுங்கோ

யாழ்ப்பாணத்தில எங்கட ஒழுங்கையில, நடுவில முற்றம் வைச்ச அந்தப் பழைய நாற்சார் வீட்டை இடிச்சதைப் பற்றி, இடிக்க முதல் அளந்து வையுங்கோ எண்டு போன கிழமை நான் எழுதினதுக்கு வந்த பதிலுகளைப் பார்த்திருப்பீங்கள். "சென்னைக்குப் போய் ரிக்கெற் எடுத்துப் பழைய வீடு பார்க்கிற ஆக்களுக்கு, இஞ்ச வீடு கட்டுறவன்ர கஷ்டம் விளங்காது" எண்டு ஒருத்தர். அதுக்குக் கீழ எனக்குத் தெரிஞ்ச ஆக்களே லைக். ரெண்டு நாளா மனசுக்குச் சரியில்லை.

ஓம், போனனான். முட்டுக்காட்டு தட்சிணசித்ராவுக்கு. 1996இல திறந்த அருங்காட்சியகம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா வீடுகள் அங்க நிக்குது. அதில கனக்க, ஊரில இடிக்க இருந்த வீடுகள். வாங்கி, மரத்தைக் கழட்டி, கொண்டுவந்து திரும்பப் பூட்டியிருக்கினம். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில கனநேரம் இருந்தன். தேக்குத் தூணில கையை வைச்ச உடன, இப்பிடி ஒண்டு எங்கட வளவுகளுக்கு இல்லையே எண்டு நெஞ்சு அடைச்சது. அந்த மரத்தைத் திரும்பப் பூட்டினது, கழட்டேக்க ஆரோ அளவெடுத்து வைச்சதாலதான்.

நான் இடிக்க வேண்டாம் எண்டு எங்கயும் எழுதேல்லை. தயவுசெய்து திரும்ப வாசியுங்கோ. இடிக்க முதல் அளவெடுங்கோ எண்டுதான் எழுதினனான். ஒரு நாடா, ஒரு கொப்பி, கையில இருக்கிற போன். முற்றம் எத்தனை அடி, தூணுக்குத் தூண் எவ்வளவு, கூரையைத் தாங்கிற பனந்தீராந்தி எத்தனை, வளைஞ்ச பீலி ஓடோ தட்டையான கள்ளிக்கோட்டை ஓடோ, கூரை போட்ட வாசல் சங்கடப்படலை எந்தப் பக்கம் பார்த்தது. அரை நாள் வேலை. இடிக்கிற பெக்கோ மெசின் வாறதுக்கு அரை நாள் பிந்தினா என்ன குறைஞ்சு போகும்?

கூரை ஒழுகுது, கூரைச் சலாகையைக் கறையான் அரிச்சிட்டுது, பங்கு பிரிக்க வேணும் எண்டுறீங்கள். சரி, இடியுங்கோ. அளந்துபோட்டு இடியுங்கோ.

"மந்திரிமனை இருக்குத்தானே, தெருமூடிமடம் இருக்குத்தானே" எண்டு, இஞ்ச மிஞ்சி நிக்கிற ரெண்டு பழைய கட்டடங்களைக் காட்டியும் ஒருத்தர் எழுதினார். மந்திரிமனை நிக்கிற நிலையை நல்லூரில போய்ப் பாருங்கோ, பிறகு கதைப்பம்.

"அது வசதியான சாதிக்காரற்ற வீடுகள், எங்கட ஆக்களை முற்றம் மிதிக்க விடேல்லை" எண்டு ஒரு தம்பி எழுதினதுதான் என்னை உலுக்கினது. அவர் சொன்னது உண்மை. அதையும் வரைஞ்சு வைக்க வேணும் தம்பி. ஆர் எந்தத் திண்ணையோட மறிக்கப்பட்டவை எண்டதுக்கு அந்த வீடும் ஒரு சாட்சி.

நாங்கள் 1990இல சண்டையால வலிகாமம் வடக்கில இருந்து வெளிக்கிட்ட ஆக்கள். ஆமி காணியை விட்டாப் பிறகு போய்ப் பார்க்கேக்க கிணறு மட்டும்தான் இருந்தது. அத்திவாரக் கல்லும் இல்லை. அதே மாதிரித் திரும்பக் கட்டுவம் எண்டு மாமா மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "முற்றம் எத்தனை அடி அம்மா?" எண்டு மேசன் கேட்டார். அம்மம்மா கிணத்துக் கட்டில இருந்து எட்டு வைச்சு நடந்தா. பத்தைக்குள்ள நிண்டு யோசிச்சா. திரும்பி வந்து முதலில இருந்து எண்ணினா. மூண்டாந்தரம் கிணத்துக் கட்டிலயே இருந்திட்டா. "ஏழோ எட்டோ தெரியேல்லைப் பிள்ளை" எண்டா.

இப்ப அங்க கொங்கிறீட் வீடு. முற்றம் இல்லை.

என்னட்ட 30 மீற்றர் நாடா இருக்கு. ஆரும் வீடு இடிக்கிறதெண்டா இன்பொக்ஸில சொல்லுங்கோ, அந்தப் பதில் எழுதினவரும்தான். காலமை வந்து அளந்துபோட்டுப் போறன். தேத்தண்ணியும் வேண்டாம்.